குட்டி போடும் சின்ன மீன்கள்: சேலத்துக்கு எது, ஏற்காட்டுக்கு எது?

“சின்னதா ஒரு தொட்டி வைக்கப் போறேன் அண்ணா. குட்டி போடுற மீனா வேணும். கப்பி வாங்கட்டுமா, எண்ட்லர் வாங்கட்டுமா?”

சேலம் பக்கத்திலிருந்து இந்தக் கேள்வி ஓயாமல் வருகிறது. கேட்பவர் அம்மாபேட்டையில் மொட்டைமாடிக்கு நேர் கீழே குடியிருப்பவராக இருக்கலாம். ஏற்காட்டில் எஸ்டேட் வீட்டில் இருப்பவராகவும் இருக்கலாம். இரண்டு ஊருக்கும் நடுவே சுமார் 30 கிலோமீட்டர் சாலையும் 20 கொண்டை ஊசி வளைவுகளும்தான். அதற்குள் 1,200 மீட்டருக்கு மேல் ஏறிவிடுகிறோம். குளிர் வேறு, தண்ணீரும் வேறு. கீழே செழிப்பாக வரும் மீன் மேலே மார்கழியில் துடுப்பை மடக்கிக்கொண்டு அடியில் கிடக்கும்.

அதனால் கப்பி, எண்ட்லர் என்ற இரண்டோடு நிறுத்தாமல் ஃபார்மோசா, பிளாட்டி இரண்டையும் சேர்த்து நான்கையும் எடைபோட்டுப் பார்ப்போம். குட்டி போடும் இன்னொரு மீனான மோலியை வேண்டுமென்றே விட்டுவிட்டேன். கடையில் குட்டியாகத்தான் இருக்கும், ஆனால் நன்றாக வளர்ந்தால் விரல் நீளத்தைத் தாண்டிவிடும். சின்னத் தொட்டியில் அதை அடைப்பது சரியில்லை.

## எதை வைத்து முடிவு செய்வது

முட்டையிடும் மீன்களை இனம் பெருக்குவதுதான் கைப்பழக்கம் கேட்கும் வேலை. குட்டி போடும் மீன்களில் அந்தச் சிரமமே கிடையாது. ஆணும் பெண்ணும் ஒரே தண்ணீரில் இருந்தால் போதும். ஒருமுறை கூடிய பெண், விந்தை உடலிலேயே சேமித்து வைத்துக்கொண்டு, பிறகு ஆணே இல்லாவிட்டாலும் மாதக்கணக்கில் குட்டி போடும். ஆகவே குட்டி போடுமா என்ற கவலை வேண்டாம். போட்ட குட்டி எங்கே போகும் என்பதைத்தான் தொட்டி வாங்கும் முன்பே யோசிக்க வேண்டும். என்னைக் கேட்டால் வாலின் நிறத்தைக் கடைசியாகப் பார்க்கலாம். அதற்கு முன் பார்க்க வேண்டியவை இவை.

வெப்பம். சேலத்தில் ஏப்ரல், மே மாதங்களில் வெளியே 38, 40 டிகிரி அடிக்கும். கான்கிரீட் கூரைக்குக் கீழே உள்ள தொட்டியில் தண்ணீரே 32, 33 டிகிரிக்குப் போய்விடும். 25 டிகிரித் தண்ணீரில் லிட்டருக்கு 8 மில்லிகிராமுக்குச் சற்று மேல் ஆக்சிஜன் கரைந்திருக்கும். 33 டிகிரியில் அது 7-ஐ ஒட்டி வந்துவிடும். சூடு ஏற ஏற மீனுக்கு மூச்சு அதிகம் வேண்டும், தண்ணீரிலோ ஆக்சிஜன் குறையும். ஏற்காட்டில் இதற்கு நேர்மாறு. சுமார் 1,500 மீட்டர் உயரத்தில் குளிர்கால இரவுகள் 15 டிகிரிக்கும் கீழே இறங்கும். பகலில் ஏறி இரவில் விழும் அந்த ஊசலாட்டம், ஒரே சீரான குளிரை விட மீனை அதிகம் வாட்டும்.

தண்ணீர். சேலத்தில் வீட்டுக்கு இரண்டு தண்ணீர் உண்டு. மேட்டூரிலிருந்து வரும் நல்ல தண்ணி ஒன்று, போரில் வரும் உப்புத் தண்ணி இன்னொன்று. கருப்பூர் பக்கம் வெள்ளைக்கல் வெட்டி எடுக்கிறார்களே, அது மேக்னசைட். அந்தப் பாறை வழியே வரும் நிலத்தடி நீரில் மெக்னீசியம் கரைந்து தண்ணீர் கடினமாகிறது. பக்கெட்டில் வெள்ளையாகப் படிகிறது, பருப்பு வேகமாட்டேன் என்கிறது என்று நாம் திட்டும் அந்தத் தண்ணீர், குட்டி போடும் மீன்களில் பெரும்பாலானவற்றுக்குப் பிடித்த தண்ணீர். மீனுக்கு நல்லது செய்வதாக நினைத்துக் கேன் தண்ணீர் வாங்கி ஊற்றுபவர்கள் உண்டு. அதில் தாதுக்கள் அநேகமாக எடுக்கப்பட்டிருக்கும். அதிலேயே வைத்தால் கப்பி வாலைச் சுருக்கிக்கொண்டு நின்ற இடத்திலேயே ஆடிக்கொண்டிருக்கும். மலையிலோ ஊற்றும் கிணறும் பொதுவாக மென்மையான தண்ணீர், சோப்பு சட்டென்று நுரைக்கும்.

குட்டிகளின் கணக்கு. மூன்று பெண் கப்பி, ஒவ்வொன்றும் மாதம் 25 குட்டி என்று குறைவாகவே வைத்துக்கொள்வோம். பாதி பிழைத்தாலும் நான்கு மாதத்தில் 150. அதற்குள் முதல் ஈட்டில், அதாவது முதல் தடவை போட்டதில், பிறந்த பெண் குட்டிகளும் வயதுக்கு வந்துவிடும்.

கிடைப்பதும், பெயர் நிஜமா என்பதும். நம் கடைகளுக்கு வரும் அலங்கார மீன்களில் கணிசமானவை சென்னை கொளத்தூர்ச் சந்தை வழியாக வருபவை (நம் மேட்டூர்ப் பக்கத்துக் கொளத்தூர் இல்லை). பல கை மாறி வரும்போது கலப்பும் சேரும், நோயும் சேரும்.

உங்கள் நேரம். தண்ணீர் மாற்ற வாரம் ஒருமுறை அரை மணி நேரம் எல்லா மீனுக்கும் வேண்டும். குட்டிக்கு உணவு தயாரிப்பதும், ஆண் பெண் பிரிப்பதும் மீனுக்கு மீன் மாறும்.

## கப்பி

வெனிசுவேலா, டிரினிடாட் பக்கத்து மீன். 1866-இல் டிரினிடாடிலிருந்து இதன் மாதிரிகளை லண்டனுக்கு அனுப்பிய ராபர்ட் ஜான் லெக்மெர் கப்பியின் பெயரே ஒட்டிக்கொண்டது. ஆண் 3 செ.மீ., பெண் 5 செ.மீ. வரை வளரும். கருக்காலம் 22 முதல் 30 நாள். இளம் பெண் பத்துப் பதினைந்து குட்டி போடும், நன்றாக வளர்ந்த பெண் ஐம்பதைத் தாண்டும்.

தண்ணீரும் வெப்பமும்: 22 முதல் 28 டிகிரி வரை சுகம். சேலம் போர் தண்ணீரில் நன்றாக வரும். 32-இலும் உயிரோடு இருக்கும், ஆனால் வேகமாக வளர்ந்து வேகமாகவே முடிந்துபோகும். பெரிய வாலுள்ள ஆண்கள்தான் முதலில் தளரும். ஏற்காட்டில் ஹீட்டர் இல்லாமல் கப்பி வைக்கக் கூடாது.

மறைந்திருக்கும் செலவு: கப்பியில் விலை ஏமாற்றும். கலவைக் கப்பி மலிவாகக் கிடைக்கும், வரிசை பார்த்து, அதாவது ஒரே வம்சத்துக்குள் நிறமும் வாலும் மாறாமல் காத்து வளர்த்த ஜோடிக்குச் சில நூறு ரூபாய் கேட்பார்கள். அந்தச் சில நூறு ஆரம்பம்தான். ஆணின் நிறக்கோலங்களில் பல, ஒய் குரோமோசோம் வழியே தந்தையிடமிருந்து மகனுக்குப் போகின்றன. 1920-களில் டென்மார்க் மரபியலாளர் ஓய்வின்ட் விங்கே கப்பியை வைத்தே இதை விரிவாகக் காட்டினார். எல்லாம் அப்படி இல்லை. உடல் நிறம், வாலின் அளவு இவற்றில் தாயின் பங்கும் இருக்கிறது. பார்வைக்குச் சாதாரணமான பெண்ணும் பாதிக் கதையைச் சுமக்கிறது. ஆகவே அதே வரிசைப் பெண் இல்லாவிட்டால் இரண்டாம் தலைமுறையிலேயே வால் சிறுத்துவிடும், நிறம் கலங்கிவிடும்.

வரிசையைக் காப்பாற்ற வேண்டுமானால் குட்டிகள் மூன்று, நான்கு வாரம் ஆகும்போதே பெண்ணைத் தனியே எடுக்க வேண்டும். வயிற்றின் அடிப்பக்கம் கறுத்த திட்டு தெரிவது பெண். அடித்துடுப்பு குச்சிபோல் நீளத் தொடங்கினால் ஆண். பெற்றோருக்கு ஒரு தொட்டி, ஆண் குட்டிக்கு ஒன்று, பெண் குட்டிக்கு ஒன்று, கழித்தவற்றுக்கு ஒன்று என்று ஒரு வரிசைக்கே நான்கு தொட்டி ஆகிவிடும். வெளி ரத்தம் சேர்க்காமல் அண்ணன் தங்கைகளையே தலைமுறை தலைமுறையாகக் கூட்டிக்கொண்டிருந்தால் முதுகு வளைந்த குட்டிகள் வரும்.

இன்னொன்று நோய். புதிதாக வாங்கிய கப்பியின் கழிவுத் துளையில் சிவப்பு நூல் இழைபோல் ஏதாவது நீட்டிக்கொண்டிருந்தால் அது பெரும்பாலும் கமலானஸ் என்ற குடற்புழு. ஒரே தொட்டியில் மற்ற மீன்களுக்கும் பரவும். லெவாமிசால் போன்ற கால்நடை மருந்தில் போகும், அளவு தெரிந்தவரைக் கேட்டுத்தான் போட வேண்டும். புது மீனை நான்கு வாரமாவது தனித்தொட்டியில் வைத்துப் பார்த்தபிறகு சேருங்கள். கப்பிக்கு இதில் விதிவிலக்கே கிடையாது.

எப்போது கப்பிதான் சரி: மரபைத் தொடர்ந்து பார்க்கும் ஆசை இருந்து, மூன்று நான்கு தொட்டி வைக்க அலமாரியும் இடமும் இருந்தால் கப்பிக்கு ஈடு எதுவும் இல்லை. பள்ளிப் பிள்ளைகளுக்கு மரபியலைக் கண்ணால் காட்ட இதைவிட நல்ல உயிர் எனக்குத் தெரியாது. ஒரே ஒரு தொட்டி, வால் பெரிதாக அழகாக இருக்க வேண்டும், குட்டியும் வேண்டும் என்றால் கப்பி ஒரு வருடத்துக்குள் உங்களைச் சோர்வாக்கிவிடும்.

## எண்ட்லர்

கப்பியின் நெருங்கிய உறவு. வெனிசுவேலாவின் குமனா நகரை ஒட்டிய லகூனா டி பாட்டோஸ் என்ற ஏரியில் 1937-இல் முதலில் சேகரிக்கப்பட்டது. 1975-இல் ஜான் எண்ட்லர் மறுபடி கண்டெடுத்தபின் அவர் பெயராலேயே பரவியது. 2005-இல்தான் தனி இனமாக அறிவியல் பெயர் வைத்தார்கள். மேலே சொன்ன விங்கேயின் நினைவாக, பொசீலியா விங்கேய்.

அந்த ஏரித் தண்ணீர் சூடானது, கடினமானது, பாசி மண்டிப் பச்சையாக இருந்தது என்கிறார்கள். கேட்கும்போதே நம் ஊர் மொட்டைமாடிச் சிமெண்ட் தொட்டி ஞாபகத்துக்கு வருகிறது இல்லையா? சேலத்துக்கு எண்ட்லரை முதலில் சொல்வதற்கு இதுவே காரணம்.

தண்ணீரும் வெப்பமும்: 24 முதல் 29 டிகிரி சுகம். கோடையில் 31, 32-ஐயும் கப்பியை விடத் தெம்பாகத் தாங்கும், காற்று ஓட்டம் மட்டும் நிற்கக் கூடாது. போர் தண்ணீர் பொருந்தும். குளிர் ஆகாது.

இடமும் குட்டியும்: ஆண் 2.5 செ.மீ.தான், பெண் 4 செ.மீ.க்குள் நிற்கும். மூன்று, நான்கு வாரத்துக்கு ஒருமுறை ஐந்து முதல் இருபது குட்டி. கப்பிக்குப் போட்ட அதே கணக்கை ஈட்டுக்குப் பத்துக் குட்டி என்று போட்டால் நான்கு மாதத்தில் 60 வருகிறது. ஒன்றரை அடித் தொட்டியில் ஜாவா பாசி அடர்த்தியாக இருந்தால் குட்டிகள் தாமே ஒளிந்து தாமே வளரும். தாயைத் தனியே பிடித்துப் போடுவதெல்லாம் தேவையில்லை. கடையில் விற்கும் குட்டிப்பெட்டிக்குள் அடைத்தால் தாய்க்குத்தான் பதற்றம்.

மறைந்திருக்கும் செலவு: பெயர். கடையில் எண்ட்லர் என்று விற்கப்படுவதில் பெரும்பகுதி கப்பியோடு கலந்தது. கலப்பும் அழகாகவே இருக்கும், நல்ல ஆரோக்கியத்தோடும் இருக்கும். வீட்டில் பார்த்து மகிழ அது போதும். தூய இனத்தைக் காப்பாற்றத்தான் வளர்க்கிறேன் என்றால் வம்சாவளி சொல்லக்கூடிய வளர்ப்பாளரிடம் மட்டுமே வாங்க வேண்டும். எது வாங்கினாலும் கப்பியோடு ஒரே தொட்டியில் விடாதீர்கள். இரண்டும் கூடிவிடும், ஒரு தலைமுறையிலேயே இரண்டையும் இழந்துவிடுவீர்கள். இன்னொரு சிறு விஷயம், ஆண்கள் துள்ளும். ஒரு அங்குல இடைவெளி கிடைத்தாலும் வெளியே விழும். மூடி கட்டாயம்.

எப்போது எண்ட்லர் சரி: சேலம், ஓமலூர், ஆத்தூர் போன்ற சூடான ஊர், ஒரே தொட்டி, போர் தண்ணீர், வேலைக்குப் போய் வருபவர்.

## ஃபார்மோசா

முழுப்பெயர் ஹெட்டராண்ட்ரியா ஃபார்மோசா. அமெரிக்காவின் தென்கிழக்கில், ஃபுளோரிடா பக்கத்துச் செடி அடர்ந்த ஓடைகளிலும் பள்ளங்களிலும் வாழ்கிறது. ஆண் 2 செ.மீ., பெண் 3 செ.மீ. முதுகெலும்புள்ள உயிர்களிலேயே மிகச் சிறியவற்றில் ஒன்று. பளபளப்பு கிடையாது. தேன் நிற உடலில் நீளவாக்கில் ஒரு கரும் பட்டை, முதுகுத் துடுப்பின் அடியில் ஒரு புள்ளி, அவ்வளவுதான். நான்கில் எனக்கு மிகப் பிடித்தது இதுதான் என்று சொல்லிவிடுகிறேன். ஆனாலும் எல்லோருக்கும் இதைச் சொல்ல முடியாது.

குட்டி போடும் விதமே தனி. கப்பி மாதம் ஒருநாள் மொத்தமாகக் கொட்டும். ஃபார்மோசாவின் வயிற்றில் ஒரே சமயத்தில் வெவ்வேறு வளர்ச்சி நிலையில் பல ஈடுகள் இருக்கும். முதிர்ந்ததை மட்டும் ஒன்றிரண்டாகச் சில நாள் இடைவெளியில் ஈன்றுகொண்டே இருக்கும். முட்டையின் கருவுணவை மட்டும் நம்பாமல், கிட்டத்தட்ட நஞ்சுக்கொடி போன்ற ஓர் அமைப்பு வழியாகத் தாயே கருவுக்கு ஊட்டுகிறது. தொட்டியில் எப்போது பார்த்தாலும் எல்லா வயதுக் குட்டியும் இருக்கும், ஆனால் எண்ணிக்கை திடீரென்று பொங்காது. குட்டி எங்கே போகும் என்ற கேள்விக்கு நான்கில் சிறந்த பதில் இதுதான்.

தண்ணீரும் வெப்பமும்: சொந்த ஊரில் குளிரையும் வெயிலையும் பார்த்த மீன். 18 முதல் 26 டிகிரி வரை சுகமாக இருக்கும், அதற்குக் கீழேயும் கொஞ்சம் தாங்கும். ஏற்காட்டில் வீட்டின் உள்ளறையில் வைத்தால் ஹீட்டரை ஆண்டில் சில வாரம் மட்டும் போட்டால் போதும். சேலத்தில் தரைத்தளத்து வடக்குப் பார்த்த அறை என்றால் முயலலாம், மாடி வீட்டில் வேண்டாம். அதிக மென்மையும் அதிகக் கடினமும் இல்லாத தண்ணீர் போதும். சேலத்தில் நல்ல தண்ணியும் போர் தண்ணியும் பாதிப் பாதி கலந்தால் சரியாக வரும்.

மறைந்திருக்கும் செலவு: கிடைப்பது கடினம். சாதாரணக் கடைகளில் வராது, வளர்ப்பாளரைத் தேடித்தான் வாங்க வேண்டும். வாய் மிகச் சிறியது, கடையில் வாங்கும் உருண்டை உணவு நுழையாது. நன்றாக இருக்க வேண்டுமானால் மொய்னா, புதிதாகப் பொரித்த ஆர்ட்டீமியா, மைக்ரோ புழு என்று ஏதாவது ஓர் உயிருணவை வீட்டிலேயே வளர்க்க வேண்டும். கூச்சமான மீன். கப்பி, பிளாட்டியோடு போட்டால் சாப்பாடே கிடைக்காது. தனித்தொட்டியும் நிறையச் செடியும் மெதுவாக ஓடும் ஸ்பாஞ்ச் ஃபில்டரும் வேண்டும்.

இதன் பெயரில் வேறு மீன் கைக்கு வரும் ஆபத்தும் இருக்கிறது. கொசு ஒழிப்புக்காக 1928-இல் இந்தியாவுக்குள் கொண்டுவரப்பட்ட காம்பூசியா நம் கிணறுகளிலும் குட்டைகளிலும் உண்டு. சாம்பல் நிறம், மேல்நோக்கிய வாய், உடலில் பட்டை கிடையாது. பிற மீன்களின் துடுப்பைக் கடித்துக் குதறும். பட்டையும் புள்ளியும் இல்லாவிட்டால் வாங்க வேண்டாம்.

எப்போது ஃபார்மோசா சரி: மேசையோரம் ஒரே ஒரு செடித்தொட்டி, உட்கார்ந்து பார்க்கும் பொறுமை, குட்டியை விற்கும் எண்ணமே இல்லை. ஏற்காடு என்றால் இன்னும் நல்லது.

## பிளாட்டி

மெக்சிகோவிலிருந்து பெலீஸ் வரையுள்ள பகுதியின் மீன். நான்கில் பெரியது, பெண் 6 செ.மீ. வரை போகும். ஆகவே இரண்டடித் தொட்டி, அதாவது 55 லிட்டர் அளவாவது வேண்டும். தாக்குப்பிடிக்கும் உடம்பு, சாதுவான குணம், எல்லாக் கடையிலும் கிடைக்கும். உருண்டை உணவு, வேகவைத்த கீரை, தொட்டியில் படரும் பாசி எதையும் தின்னும். மாதத்துக்கு இருபது முதல் நாற்பது குட்டி.

தண்ணீரும் வெப்பமும்: 20 முதல் 26 டிகிரி. பிளாட்டி என்று விற்கப்படுவதில் வேரியேட்டஸ் என்ற உறவினத்தின் கலப்பும் உண்டு, அது 16, 17 டிகிரி வரை சமாளிக்கும். சேலத்துக் கோடையில் பிளாட்டி வாடும். மலையில் தண்ணீரைக் கொஞ்சம் கடினமாக்கிக்கொண்டால் நன்றாக வரும். அதற்குக் கிளிஞ்சலைக் கழுவித் துணிப்பையில் கட்டி ஃபில்டர் அருகே போட்டால் போதும், மெதுவாகக் கரைந்துகொண்டிருக்கும்.

மறைந்திருக்கும் செலவு: தீனியும் கழிவும் அதிகம், ஆகவே தண்ணீர் மாற்றுவதும் அதிகம். பசித்தால் தன் குட்டியையே விரட்டி விரட்டித் தின்னும். இது சிலருக்கு வசதி.

எப்போது பிளாட்டி சரி: ஏற்காட்டில் முதன்முதலாகத் தொட்டி வைப்பவர். வீட்டில் சின்னப் பிள்ளைகள் தினமும் தீனி போடுவார்கள் என்றால் இதன் முரட்டு உடம்பு உதவும்.

## பக்கத்தில் பக்கம் வைத்துப் பார்த்தால்

| | கப்பி | எண்ட்லர் | ஃபார்மோசா | பிளாட்டி |
|---|---|---|---|---|
| பெண்ணின் நீளம் | 5 செ.மீ. | 4 செ.மீ. | 3 செ.மீ. | 6 செ.மீ. |
| சுகமான வெப்பம் | 22–28 | 24–29 | 18–26 | 20–26 |
| சேலம் போர் தண்ணீர் | நன்று | மிக நன்று | பாதி கலந்து | நன்று |
| குட்டி வரும் விதம் | மாதம் ஒருமுறை, நிறைய | மாதம் ஒருமுறை, குறைவு | சில நாளுக்கு ஒன்றிரண்டு | மாதம் ஒருமுறை, நிறைய |
| குறைந்தபட்சத் தொட்டி | 2 அடி. வரிசை காக்க நான்கு தொட்டி | ஒன்றரை அடி | ஒரு அடி | 2 அடி |
| கிடைப்பது | எங்கும் | எங்கும், ஆனால் கலப்பு | அரிது | எங்கும் |
| பெரிய செலவு | தொட்டிகள் பெருகுவது | தூய்மை | உயிருணவு | தண்ணீர் மாற்றுவது |

## எந்த மீன் வாங்கினாலும் ஊர் கேட்கும் செலவு

இந்தச் செலவைக் கடைக்காரர் சொல்லமாட்டார்.

சேலத்தில் கோடையில் தொட்டித் தண்ணீர் வேகமாக ஆவியாகும். நீர் மட்டுமே போகும், உப்பு தங்கிவிடும். குறைந்த அளவை மறுபடி போர் தண்ணீரால் நிரப்பிக்கொண்டே போனால் இரண்டு மாதத்தில் கடினம் எகிறிவிடும். கடின நீரை விரும்பும் மீனுக்கும் ஓர் எல்லை உண்டு. ஆவியானதை ஈடுகட்ட மட்டும் மழைநீரோ கேன் தண்ணீரோ ஊற்றுங்கள், வாராந்திர மாற்றத்துக்குப் போர் தண்ணீர் இருக்கட்டும். மாநகராட்சித் தண்ணீர் என்றால் குளோரின் போக ஒருநாள் காற்றோட்டமாக வைக்க வேண்டும், அவசரத்துக்குச் சோடியம் தயோசல்பேட் சொட்டு. வெப்பத்தைக் குறைக்க நீர்ப்பரப்பின்மேல் படும்படி ஒரு சின்ன விசிறி வைத்தால் இரண்டு, மூன்று டிகிரி இறங்கும். ஐஸ் கட்டி போடாதீர்கள், சட்டென்று இறங்கி மறுபடி ஏறும் வெப்பம் மீனை நோயில் தள்ளும். பராமரிப்புக்காக நாள் முழுக்க மின்சாரம் நிற்கும் நாட்களுக்கு பேட்டரியில் ஓடும் காற்று மோட்டார் ஒன்று கைவசம் வேண்டும். மே மாதத்தில் நிறைந்த தொட்டியைக் காப்பாற்ற அது ஒன்றே வழி.

ஏற்காட்டில் முதல் செலவு ஹீட்டர். 50 வாட் ஹீட்டர் நாளில் பாதி நேரம் எரிந்தால் இரண்டு மாதத்துக்கு 36 யூனிட். இலவச மின்சார வரம்புக்குள் நிற்கும் வீட்டில் அதை நிச்சயம் கணக்கில் எடுக்க வேண்டும். தொட்டியின் மூன்று பக்கமும் தெர்மோகோல் ஒட்டினால் கணிசமாகக் குறையும்.

இரண்டாவது விஷயம் இன்னும் முக்கியம். காபித் தோட்டங்களில் இலைத்துரு நோய்க்கு மயில்துத்தமும் சுண்ணாம்பும் கலந்த போர்டோ கலவை தெளிப்பார்கள். மழைக்காலத்துக்கு முன்னும் பின்னும் தெளிக்கும் வாரங்களில் தோட்டத்துக்குக் கீழே உள்ள ஓடை, திறந்த கிணற்றுத் தண்ணீரைத் தொட்டிக்கு எடுக்காதீர்கள். மயில்துத்தத்தில் இருப்பது தாமிரம். மென்மையான தண்ணீரில் தாமிரம் மீனை இன்னும் கடுமையாகத் தாக்கும், குட்டிகள்தான் முதலில் போகும். கூரை மழைநீரைப் பிடித்து, கிளிஞ்சல் போட்டுப் பயன்படுத்துவது மலையில் பாதுகாப்பான வழி.

ஏரியிலிருந்து செடி எடுத்துவந்தால் இரண்டு ஊரிலும் ஒரே எச்சரிக்கைதான். வேலம்பாசிக்குள் தட்டான்பூச்சியின் இளம்புழு ஒளிந்துவரும். ஒன்றே ஒன்று இருந்தாலும் தினமும் குட்டி குறையும், ஏன் என்று தெரியாது. ஒரு வாளியில் சில நாள் வைத்துக் கிளறிப் பார்த்தபின் போடுங்கள்.

## குட்டி மிஞ்சினால்

கடைக்காரர்கள் சிலர் நிறம் தெளிந்த இளமீன்களை எடுத்துக்கொண்டு தீனி தருவார்கள். முதலிலேயே பேசி வைத்துக்கொள்ளுங்கள். நிறம் தெளியாத கலவைக் கப்பி பெரும்பாலும் பெரிய மீன்களுக்கு இரையாகத்தான் போகும். அது உங்களுக்கு உறுத்தும் என்றால், இன்னொரு நல்ல தேர்வு இருக்கிறது: ஆண்களை மட்டும் வைப்பது. எண்ட்லர் ஆண்கள் எட்டுப் பத்து, ஒன்றரை அடித் தொட்டி, கொஞ்சம் செடி. முழு நிறமும் கிடைக்கும், குட்டி வராது. இனப்பெருக்கம் பார்க்கும் ஆசை இல்லாதவர்களுக்கு நான் தயங்காமல் சொல்வது இதைத்தான். கடையில் பொறுமையாக ஒவ்வொன்றின் அடித்துடுப்பையும் பார்த்து எடுக்க வேண்டும். ஒரு பெண் தவறி வந்தாலும் அது ஏற்கெனவே சினையாக இருக்கும்.

மூக்கனேரியில் விடலாமா, ஏற்காடு ஏரியில் விடலாமா என்று கேட்கிறார்கள். விடவே கூடாது. கப்பியும் காம்பூசியாவும் உள்ளூர்ச் சிறுமீன்களின் முட்டையையும் குஞ்சையும், தவளையின் தலைப்பிரட்டையையும் தின்னும். ஏற்காடு ஏரி நிரம்பினால் வழியும் தண்ணீர் கிளியூர் அருவியில்தான் விழுகிறது. மேலே ஒரு பையை அவிழ்த்துவிட்டால் அந்த மீன் ஏரியோடு நிற்கும் என்பதற்கு எந்த உத்தரவாதமும் இல்லை. கொசுவுக்காக என்று வீட்டுக் கிணற்றிலோ தண்ணீர்த் தொட்டியிலோ விடுவது வேறு, வெளியே வழி இல்லாதவரை சரி.

## கடைசியாக, என் பதில்

சேலம் நகரம், ஒரே தொட்டி: எண்ட்லர். சேலம் நகரம், நான்கு தொட்டியும் ஆர்வமும்: கப்பி, ஒரே ஒரு வரிசை மட்டும். ஏற்காடு, முதல் தொட்டி: பிளாட்டி. ஏற்காடு, ஓரளவு அனுபவமும் உயிருணவு வளர்க்கும் வசதியும்: ஃபார்மோசா. எந்த மீனானாலும் ஓர் ஆணுக்கு இரண்டு, மூன்று பெண் என்ற கணக்கில் வாங்குங்கள், இல்லையென்றால் ஆண்கள் விரட்டியே பெண்ணை ஓய்த்துவிடும்.

நேரமும் ஊருக்கு ஏற்றபடி. சேலத்தில் கோடை தணிந்து ஆடி, ஆவணி வாக்கில் ஆரம்பித்தால் அடுத்த வெயிலுக்குள் தொட்டி நிலைப்பட்டுவிடும். ஏற்காட்டில் மாசி, பங்குனியில் ஆரம்பியுங்கள், முதல் ஈட்டுக் குட்டிகள் குளிர் வருமுன் வளர்ந்துவிடும். கீழே வாங்கி மேலே கொண்டுபோகிறவர்கள் பையில் காற்றை முழுக்க அடைக்கச் சொல்லாதீர்கள். மலை ஏற ஏறக் காற்றழுத்தம் குறைந்து பை உப்பிக்கொள்ளும், இறுக்கமாகக் கட்டிய பை வழியிலேயே கசியும். முக்கால் அளவு நிரப்பி, இரட்டைப் பை போட்டு, தெர்மோகோல் பெட்டிக்குள் வைத்து எடுத்துச் செல்லுங்கள். வீட்டுக்குப் போனதும் பையைத் தொட்டியில் மிதக்கவிட்டு, உங்கள் தண்ணீரை ஒரு டம்ளர், ஒரு டம்ளராக ஒரு மணி நேரத்துக்குச் சேருங்கள். கடினத் தண்ணீரிலிருந்து மென்தண்ணீருக்கு வரும் மீனுக்கு அந்த ஒரு மணி நேரம் வேண்டும். பிறகு மீனை மட்டும் வலையில் எடுத்து விட்டுவிட்டு, பைத் தண்ணீரைச் செடிக்கு ஊற்றிவிடுங்கள்.